பெயர் வேண்டாம், கணக்கு வேண்டும்!



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்கள் ஊருக்கான மகளிர் போலீஸ் ஸ்டேஷனில் போன வருஷம் எத்தனை போக்சோ வழக்குகள் பதிவாயின? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வேலூர்... எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, பதில் சொல்லிப் பாருங்கள்.

நம்மில் ஒருவராலும் டக்கென்று சொல்ல முடியாது. பத்து, இருபது, ஐம்பது என்று ஊகம் வேண்டுமானால் செய்யலாம். அந்த ஊகத்துக்கு ஆதாரம் என்ன? டீக்கடைப் பேச்சும் வாட்ஸ்அப்பும்தானே!

இன்னொரு பக்கம் பாருங்கள். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் தினமும் பஸ்ஸில் போய் வருகிறோம். சில இடங்களில் 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நடந்த விபத்துகளை யாரோ எண்ணியிருக்கிறார்கள். எண்ணியதோடு நிற்காமல் ஜனங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் டிரைவர் பிரேக்கில் கால் வைக்கிறார். அடிபட்டவர் யார், எந்தத் தெரு, யார் பிள்ளை என்று அந்தப் போர்டில் ஒரு வார்த்தை இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் விஷயத்திலும் நமக்கு வேண்டியது இப்படி ஒரு போர்டுதான். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர் யாருக்கும் தெரியக்கூடாது. ஆனால் எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு எல்லாருக்கும் தெரிய வேண்டும். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் வைக்கும் வாதம்.

கணக்கு தெரிந்து என்ன ஆகப் போகிறது?

"நம்பர் தெரிஞ்சா மட்டும் தப்பு நின்னுடுமா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு நம் ஊர்க் கதையையே பதிலாகச் சொல்கிறேன்.

டேனரிக் கழிவுநீர் பாலாற்றங்கரை நிலத்தைக் கெடுக்கிறது என்பது நம் அப்பா, தாத்தா காலத்திலேயே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரிந்துவிடும். தெரிந்து என்ன பயன்? ஆளாளுக்குப் புலம்பினார்கள், அவ்வளவுதான். 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. டேனரிகள் நிறைந்த இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிட லாயக்கற்றுப் போய்விட்டது என்று வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் கண்டறிந்த கணக்கு கோர்ட்டின் முன் வந்தது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் ஊன்றி நின்றது அந்தத் தீர்ப்பால்தான். இன்றைக்குப் பாலாறு பளிங்கு மாதிரி ஓடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஊரார் முணுமுணுப்பு ஒரு எண்ணாக மாறிய பிறகுதான் நீதிபதியின் மேஜைக்கே போனது என்பதைத்தான் சொல்கிறேன்.

குழந்தைகள் விஷயத்திலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 2019 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், யாரும் வழக்குப் போடாமல் தானாகவே ஒரு கணக்கைக் கையில் எடுத்தது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை நாடு முழுவதும் குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைக்காகப் பதிவான எஃப்.ஐ.ஆர்.கள் 24,212. அதில் 11,981 இன்னும் போலீஸ் விசாரணையில் கிடந்தன. 12,231 வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தது. விசாரணை தொடங்கியது 6,449-ல் மட்டும். தீர்ப்பு வரை போனது வெறும் 911. இந்த எண்களைப் பார்த்த பிறகுதான், 100 போக்சோ வழக்குகளுக்கு மேல் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்றே ஒரு தனிக் கோர்ட் அமைக்க வேண்டும் என்று ஜூலை 25-ல் உத்தரவு போட்டார்கள்.

கவனியுங்கள் நண்பர்களே! ஒரு மாவட்டத்துக்குத் தனிக் கோர்ட் கிடைக்குமா கிடைக்காதா என்பதை 100 என்கிற ஒரு எண் முடிவு செய்தது. அதே 2019-ல்தான் நம் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பெரிய மாவட்டத்தில் 150 வழக்கு இருந்தால் தனிக் கோர்ட் உண்டு. அதை மூன்றாகப் பங்கு போட்டு, பங்குக்கு 50 வந்தால்? பிள்ளைகளின் துயரம் அதே அளவுதான், ஆனால் எந்த மாவட்டமும் 100-ஐத் தாண்டவில்லை! 2018-ன் 'வேலூர் மாவட்ட' எண்ணையும் 2020-ன் 'வேலூர் மாவட்ட' எண்ணையும் பக்கத்தில் வைத்து "ஆகா, குறைஞ்சிடுச்சு" என்று யாராவது சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் கணக்குக்குப் போய்விட்டன. இதைக் கண்டுபிடித்துக் கேட்க வேண்டுமானால் ஸ்டேஷன் வாரியான எண்கள் ஜனங்களின் கையில் இருக்க வேண்டும்.

இப்போது வெளியே வருவது என்ன?

அரசாங்கம் ஒன்றுமே சொல்வதில்லை என்றால் அது பொய். 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற ஆண்டறிக்கை 1953-ம் ஆண்டுக் கணக்கிலிருந்து வருகிறது. 1986-ல் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அமைந்த பிறகு அந்த வேலை அதன் கையில். 2023-ம் ஆண்டு அறிக்கைப்படி, குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் என்று நாட்டில் பதிவானவை மொத்தம் 1,77,335. அதில் போக்சோ சட்டத்தின் கீழ் மட்டும் 67,694.

சரி, இதில் நம் ஊர் எங்கே? அந்தப் புத்தகத்தின் முக்கிய அட்டவணைகள் மாநில வாரியாக இருக்கும். நகரங்கள் என்று பார்த்தால் 20 லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட 19 பெருநகரங்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் மட்டும். மாவட்டக் கணக்கு தனியாக வந்தாலும் ஆம்பூர் எவ்வளவு, குடியாத்தம் எவ்வளவு என்று அதில் தெரியாது. அதுவும் எப்போது வருகிறது? 2017-ம் ஆண்டுக் கணக்கு 2019 அக்டோபரில் வந்தது. 2023-ம் ஆண்டுக் கணக்கு 2025 செப்டம்பர் கடைசியில் வந்தது. நாம் முதலாம் ஆண்டு எழுதிய பரீட்சையின் மார்க்கை மூன்றாம் ஆண்டு முடிக்கும்போது கொடுத்தால் அரியரை எப்போது கிளியர் பண்ணுவது?

கணக்கு வராத இடத்தில் வதந்தி வரும்

2018 நினைவிருக்கிறதா? வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி. நம் குடியாத்தம் பக்கத்தில் இந்தி பேசிய ஒருவரை ஜனங்களே அடித்துக் கொன்றார்கள். மே 9-ந் தேதி போளூர் அருகே அத்திமூரில் இன்னொரு கொடுமை. சென்னையிலிருந்து காரில் கோயிலுக்கு வந்த, அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, வழியில் நின்ற பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்து அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள்.

இப்போது போலீசின் சொந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமையில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பது நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வழக்குகளில் தெரிய வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு இதே நிலைதான். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், பாடம் சொல்லித் தருகிறவர், பழகின ஆள். அப்படியிருக்க, நாம் தடி எடுத்தது யார் மேல்? பாஷை தெரியாமல் ரோட்டில் நின்றவர் மேல்! நம் டேனரிகளில் ஈரத் தோல் தூக்கிப் பிழைக்கும் வடமாநிலத் தொழிலாளிகளை அந்த நாட்களில் எப்படிப் பார்த்தோம் என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஒரு தகவல், நம் தாலுகாவின் எண்ணோடு, ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அறிவிப்பாக முன்பே ஒட்டப்பட்டிருந்தால் அந்த உயிர்கள் பிழைத்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் புரளியை நம்பாத நாலு பேராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

"பிள்ளையோட பேர் வெளியே வந்துடாதா?"

நியாயமான பயம். சட்டமும் இதை மதிக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு, பிள்ளையின் பெயர், முகவரி, போட்டோ, குடும்பம், பள்ளிக்கூடம் எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்கிறது. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் போட வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டபோதும் பாலியல் குற்றங்களுக்கும் போக்சோ வழக்குகளுக்கும் விலக்குக் கொடுத்தது. 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கிலும் இந்தப் பாதுகாப்பை இன்னும் இறுக்கியது. இதெல்லாம் மிகவும் சரி. இதில் ஒரு எழுத்தைக்கூடத் தளர்த்தச் சொல்லவில்லை நான்.

ஆனால் எஃப்.ஐ.ஆரைக் காட்டக் கூடாது என்பது வேறு, எத்தனை எஃப்.ஐ.ஆர். என்று சொல்லக் கூடாது என்பது வேறு. நம் காலேஜ் நோட்டீஸ் போர்டில் "இந்த செமஸ்டரில் கணக்குப் பாடத்தில் 40 பேர் ஃபெயில்" என்று போட்டால் எந்த மாணவனின் மானமும் போவதில்லை. ரோல் நம்பரோடு போட்டால்தான் போகிறது.

"சின்ன ஊர்ல ஒரே ஒரு கேஸுன்னு போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே?" என்று கேட்கலாம். இதற்கும் வழி உண்டு. கிராமம் வாரியாகப் போடாமல் ஸ்டேஷன் வாரியாகவோ சப்-டிவிஷன் வாரியாகவோ போடலாம். ஒரு கட்டத்தில் எண் ஐந்துக்கும் கீழே வந்தால் '5-க்குக் குறைவு' என்று மட்டும் எழுதலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 முதல் மாதாமாதம் தெரு அளவில் குற்ற வரைபடம் வெளியிடுகிறார்கள். அதில்கூடக் குற்றம் நடந்த சரியான இடத்தைக் காட்டுவதில்லை. அக்கம்பக்கத்தில் பொதுவான ஒரு புள்ளியில்தான் வைக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்து கேரளாவில் போலீஸ் இலாகாவே குழந்தைகளுக்கு எதிரான குற்றக் கணக்கைத் தன் இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் போடுகிறது.

"ஊர் பேர் கெட்டுப்போயிடும்!"

இதுதான் உண்மையான தடை என்பது என் தாழ்மையான கருத்து. எண் கூடினால் ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம், பள்ளிக்கூடத்துக்குப் பயம், மேலதிகாரியிடம் இன்ஸ்பெக்டருக்குத் திட்டு. அதனால் என்ன நடக்கும்? புகாரோடு வரும் தாயிடம் "பொண்ணு வாழ்க்கை வீணாப் போயிடும்மா, பேசி முடிச்சுக்கோங்க" என்பார்கள். எண் குறையும். குற்றம் குறையாது.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும் நண்பர்களே. 2015 அறிக்கையில் போக்சோ வழக்குகள் 14,913. 2016 அறிக்கையில் 36,022. ஒரே வருஷத்தில் குற்றம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதா? இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் பாலியல் வன்கொடுமைப் பிரிவில் வந்த குழந்தைகள் வழக்குகளையும் போக்சோ தலைப்பிலேயே சேர்த்து எண்ணினார்கள். தராசு மாறியது, எடையும் மாறியது. அதேபோல் ஒரு ஸ்டேஷனில் எண் கூடினால், அங்கே தைரியமாகப் புகார் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை கூடியிருக்கிறது என்றும் அர்த்தம் இருக்கலாம். மத்திய அரசின் குழந்தைகள் நலத்துறை 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். 53 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அந்த 13-ல் தமிழ்நாடு இல்லை. இப்படிப்பட்ட நாட்டில் 'எங்க ஊர்ல பூஜ்யம்' என்று ஒரு ஸ்டேஷன் சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் கொஞ்சம் சந்தேகப்படவும் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 18 வயது நிரம்பாத பெண்ணும் பையனும் காதலித்து ஓடிப்போனால் அதுவும் போக்சோ. 2017 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, 18 வயதுக்குக் கீழ் மனைவி இருந்தால் கணவன் மேலும் வழக்கு வரும். காதல் விவகார வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு டி.ஜி.பி.யே சுற்றறிக்கை அனுப்பினார். ஆறு வயதுக் குழந்தையின் வழக்கும், பதினேழரை வயதுக் காதல் வழக்கும், குழந்தைத் திருமண வழக்கும் ஒரே எண்ணில் கலந்து கிடந்தால் யாருக்கு என்ன புரியும்? அதனால்தான் மொத்த எண் மட்டும் போதாது, பிரித்த கணக்கு வேண்டும் என்கிறேன்.

எப்படிப்பட்ட கணக்கு?

நாம் லேபில் ரீடிங் எடுத்துக் கட்டம் போடுகிறோமே, அதே மாதிரி மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு பக்கம் போதும். வந்த புகார் எத்தனை, எஃப்.ஐ.ஆர். ஆனது எத்தனை. பிள்ளையின் வயது: 6-க்குக் கீழ், 6 முதல் 12, 12 முதல் 16, 16 முதல் 18. குற்றம் சாட்டப்பட்டவர் யார்: குடும்பத்தார், தெரிந்தவர், அந்நியர், காதலர், கணவர். நடந்த இடம்: வீடு, பள்ளி, வேலையிடம், பொது இடம். குற்றப்பத்திரிகை போட்டது எத்தனை, தண்டனை எத்தனை, விடுதலை எத்தனை, ஓராண்டைத் தாண்டி நிற்பது எத்தனை. கடைசிக் கட்டம் ஏன் என்றால், கூடுமான வரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 35-வது பிரிவே சொல்கிறது.

இந்தக் கட்டம் நம் பகுதிக்கு எப்படி உதவும்? நம்மில் பலருடைய வீட்டில் அம்மாவோ அக்காவோ ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். காலையில் கம்பெனி வேன் ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் வீடு. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது. அது கைக்குழந்தைகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும். பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்கு வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? 6 முதல் 12 வயதுக் கட்டத்தில், 'வீடு', 'தெரிந்தவர்' என்ற இடங்களில் எண் கூடி நின்றால், மாலை நேரப் பிள்ளைகள் மையம் வேண்டும் என்று தொழிற்சங்கமும் நகராட்சியும் அந்த ஒரு தாளைக் காட்டியே கேட்கலாம். கம்பெனிக்குப் போகும் தாய்மார்கள் மேல் பழி போடுகிற வாய்களையும் அடைக்கலாம். தாயின் சம்பளம் குற்றம் செய்யவில்லை. பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம் இல்லாததுதான் குறை.

நாம் செய்யக்கூடியது

2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, ஜனங்கள் கேட்காமலே தகவல்களைத் தாமாக வெளியிட அரசு அலுவலகங்கள் முயல வேண்டும் என்கிறது. அதற்கும் முன்பு, 1997-லேயே இப்படி ஒரு சட்டம் போட்ட மாநிலம் நம் தமிழ்நாடு! ஆகவே நாம் கேட்பது சலுகையே இல்லை.

கேட்பதும் சுலபம். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு தபாலில் அனுப்ப வேண்டும். எதற்குக் கேட்கிறாய் என்று காரணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். "வழக்கு விசாரணையில் இருக்கிறது" என்று மறுத்தால், விசாரணை நடக்கிறது என்ற காரணம் மட்டும் போதாது, தகவல் கொடுத்தால் விசாரணைக்கு எப்படி இடைஞ்சல் என்று காட்ட வேண்டும் என்று தில்லி ஹைகோர்ட் 2007-ல் தீர்ப்புக் கூறியிருப்பதைச் சுட்டிக்காட்டலாம். பெயர், ஊர், தேதி எதையும் கேட்காதீர்கள். எண்களை மட்டும் கேளுங்கள். போக்சோ வழக்குகள் பெரும்பாலும் மகளிர் ஸ்டேஷனில்தான் பதிவாகின்றன. டவுன் ஸ்டேஷன் கணக்கை மட்டும் வாங்கிக்கொண்டு ஏமாந்துவிடாதீர்கள்.

நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்துக்கும் ஆளுக்கொரு மனு, மொத்தம் முப்பது ரூபாய் ஸ்டாம்ப். வரும் பதிலைக் கட்டம் போட்டு அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுவோம். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தையும் அச்சிடுவோம்.

கடைசியாக ஒன்று. கணக்குக் கேட்பவர்கள் கணக்கை மறைக்கவும் கூடாது. ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி பெரியவர்களுக்கு ஆறு மாதம் வரை ஜெயில் கிடைக்கக்கூடிய குற்றம். 1098-க்கு ஒரு போன் போதும். அந்தப் பிள்ளையின் பெயரை ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அந்தப் பிள்ளையும் கணக்கில் வரும்.